மனா: மிகைப்பட்ட இடமும் விடுபட்ட இடமும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்த ஓர் அறையில் ஒரு கவிதை வாசிக்கப்பட்டது. வாசித்து முடிந்ததும் ஒருவர், 'இதில் ஒரு சக்தி இருக்கிறது' என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் கேள்வி வந்தது. எங்கே இருக்கிறது? சொல்லிலா, வாசித்தவர் குரலிலா, கேட்டுக்கொண்டிருந்த எங்களிடமா? 'இருக்கிறது' என்று சொன்ன மாத்திரத்தில் கவிதை ஒரு பாத்திரமாகவும் சக்தி அதில் ஊற்றிவைத்த திரவமாகவும் ஆகிவிடுகின்றன. கவிதை எங்களை ஏதோ செய்தது என்பதுதான் நடந்தது. நடந்ததைப் பொருளாக்கினோம், பொருளுக்குப் பெயர் வைத்தோம், பிறகு அந்தப் பெயரையே காரணமாகக் காட்டினோம். விமர்சனம் முடிந்துவிட்டது என்று டீ குடிக்கப் போனோம்.

இந்தக் காரியத்தைச் செய்வது தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் மட்டுமல்ல. மானிடவியல் என்ற ஒரு துறையே பசிபிக் தீவுகளின் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் இதைச் செய்தது. அந்தச் சொல் 'மனா'. கற்றோர் அதை வேண்டாத இடங்களிலெல்லாம் கொண்டுபோய் வைத்தார்கள். அது இருந்தே ஆகவேண்டிய ஓர் இடத்தில், ஓர் ஒப்பந்தத்தில், அது விடுபட்டது. இரண்டும் ஒரே நூற்றாண்டின் வேலைகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்லைப் பற்றி முதலில். உச்சரிப்பில் இரண்டு உயிரும் குறில்தான். ஆனால் 'மன' என்று எழுதினால் தமிழில் மனம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் 'மனா' என்று எழுதுகிறேன். 'மானம்' என்பதோடு முடிச்சுப்போடச் சிலருக்குக் கை பரபரக்கலாம். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மனா ஓஷியானிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். ஃபிஜி, சமோவா, ஹவாய், நியூஸிலாந்தின் மாவோரி என்று ஆயிரக்கணக்கான மைல் கடற்பரப்பில் அதே வடிவிலோ சிறு மாறுதலோடோ வழங்குவது.

ஐரோப்பிய அறிவுலகுக்கு இதைக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன் என்ற ஆங்கிலிகன் பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து வந்தவர். மெலனேசிய மிஷன் நார்ஃபோக் தீவில் நடத்திய பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றினார். பாங்க்ஸ் தீவுகள், நியூ ஹெப்ரிடிஸ், சாலமன் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து பையன்கள் அங்கே அழைத்துவரப்பட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக மோட்டா என்ற சிறு தீவின் மொழி பள்ளி மொழியாயிற்று. காட்ரிங்டன் நேர்மையான மனிதர், மொழிகளில் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர். மிஷன் கப்பலில் தீவுகளுக்கும் போய்வந்தார். ஆனாலும் அவர் கற்றதில் பெரும்பகுதி, ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து கிறிஸ்தவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம் கற்றது. சொல் அவர் கைக்கு வந்தபோதே தோட்டத்தையும் படகையும் விட்டு வகுப்பறைக்கு வந்திருந்தது.

1877இல் அவர் மாக்ஸ் முல்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அதே முல்லர், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர். மறு ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹிப்பர்ட் சொற்பொழிவுகளின் முதல் வரிசையை அவர் நிகழ்த்தினார். பொருள், மதத்தின் தோற்றமும் வளர்ச்சியும், இந்திய மதங்களைச் சான்றாகக் கொண்டு. எல்லையற்றது என்ற உணர்விலிருந்தே மதம் பிறக்கிறது என்பது முல்லரின் கட்சி. கல்லையும் மரத்தையும் கும்பிடுவதுதான் மதத்தின் ஆதி வடிவம் என்று சொன்னவர்களுக்கு எதிராக அவர் வாதாடிக்கொண்டிருந்தார். காட்ரிங்டனின் கடிதம் அவருக்கு வசதியாக வந்து சேர்ந்தது. மெலனேசியர்கள் எல்லையற்றதற்கு வைத்த பெயர்தான் மனா என்று அவர் சபைக்குச் சொன்னார். இப்படியாக, வேதத்துக்கு விளக்கம் சொல்லும் மேடையில் பசிபிக்கின் ஒரு சொல் முதல்முதலாகத் தத்துவமாக ஞானஸ்நானம் பெற்றது.

1891இல் காட்ரிங்டனின் 'மெலனேசியர்கள்' வெளிவந்தது. அதில் அவர் தரும் உதாரணம் எளிமையானது. ஒருவன் விசித்திரமான வடிவம் கொண்ட ஒரு கல்லைக் காண்கிறான். தன் கிழங்குத் தோட்டத்தில் புதைத்துவைக்கிறான், அல்லது பழமரத்தின் அடியில் வைக்கிறான். விளைச்சல் பெருகினால் கல்லுக்கு மனா உண்டு. பெருகாவிட்டால் அது வெறும் கல். இங்கே கவனிக்கவேண்டியது வரிசை. மனா இருக்கிறது, அதனால் விளைகிறது என்று அந்த மனிதன் தொடங்கவில்லை. விளைந்தது, எனவே மனா என்கிறான். சோதித்துப் பார்த்துப் பிறகு சொல்கிறான். மனா பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வழங்குகிறது என்பதைக் காட்ரிங்டனே பதிவுசெய்திருக்கிறார். அந்தக் குறிப்பை அவருடைய ஐரோப்பிய வாசகர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, எதிலும் நிலைத்து ஒட்டாமல் எதன்வழியும் பாயக்கூடிய, பௌதிகமல்லாத ஒரு சக்தி என்ற வரையறையை மட்டும்.

ஏன் அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்? அது அவர்களுக்குத் தேவையாயிருந்தது. டைலர் 1871இல் மதத்தின் தோற்றுவாய் ஆவி நம்பிக்கை என்று சொல்லியிருந்தார். 1899இல் மாரெட் அதற்கும் முந்திய ஒரு கட்டம் உண்டு என்று வாதித்தார். உருவமற்ற, ஆளற்ற ஒரு சக்தியின் முன் மனிதன் கொண்ட திகைப்பே முதல் என்றார். அந்த வாதத்துக்கு மனா தூணாயிற்று. பாரிஸில் ஹ்யூபரும் மார்செல் மோஸும் மந்திரத்தைப் பற்றிய தங்கள் கட்டுரையில், மந்திரம் முழுவதையும் மனாவைக் கொண்டு விளக்கினார்கள். 1912இல் துர்க்கைம் மதவாழ்வின் ஆதிவடிவங்களைப் பற்றிய நூலில் குலக்குறிகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே பெயரற்ற சக்திதான், அது உண்மையில் சமூகம் தன்மீதே செலுத்தும் சக்தி என்றார். அவர் ஆஸ்திரேலியாவையோ பசிபிக்கையோ பார்த்தவரல்ல. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வேலையின் முறையைச் சொல்கிறேன்.

மனாவுக்குச் சகோதரர்களும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வட அமெரிக்க இரோக்வா மக்களிடம் ஒரெண்டா, அல்கோன்கின் மக்களிடம் மனிட்டு, சியூ மக்களிடம் வாக்கன். இதில் ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. ஒரெண்டாவைப் பற்றி 1902இல் எழுதிய ஹீவிட் டஸ்கரோரா வழிவந்தவர். 1905இல் மனிட்டுவைப் பற்றி எழுதிய வில்லியம் ஜோன்ஸ் ஃபாக்ஸ் இனத்து உறவு உடையவர். பாட்டுப் பாடுவதும் ஒரெண்டாவை வெளிப்படுத்துவதும் ஒரெண்டா வழங்கும் மொழிகளில் பிரிக்க முடியாத பேச்சு என்று ஹீவிட் காட்டினார். ஆனால் பாரிஸுக்குப் போய்ச் சேரும்போது பாட்டு உதிர்ந்துபோய்ச் சக்தி மட்டும் மிஞ்சியிருந்தது. எல்லாச் சொற்களும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாகக்கூடிய ஒரு சொல் எந்த மொழிக்கும் சொந்தமில்லாததாக ஆகிவிடுகிறது.

அந்தக் காலத்துக்கென்று ஓர் உவமையும் கைவசம் இருந்தது. மின்சாரம். கண்ணுக்குத் தெரியாதது, பாய்வது, ஏற்றிவைக்கக் கூடியது, தொட்டால் அடிப்பது. 1927இல் பாலினேசிய மதம் பற்றி எழுதிய ஹாண்டி மனாவை மின்சாரத்தோடு ஒப்பிட்டே விளக்கினார். தலைவன் மின்கலம், தபு என்ற விலக்குகள் அதைச் சுற்றிய காப்பு. படிக்கும்போது பிரமாதமாகப் பொருந்துகிறது. உவமை இவ்வளவு நன்றாகப் பொருந்தும்போதுதான் சந்தேகப்படவேண்டும்.

சந்தேகம் நேரில் போனவர்களிடமிருந்து வந்தது. முதல்வர் ஹோகார்ட். இவரை நம் வாசகர்களில் சிலருக்கு இலங்கைவழி தெரிந்திருக்கும். 1921 முதல் 1929 வரை இலங்கைத் தொல்லியல் ஆணையராக இருந்தவர், சாதி பற்றியும் அரசமைப்பு பற்றியும் பிற்பாடு எழுதியவர். அதற்கு முன் ஃபிஜியின் லக்கேம்பா தீவில் பள்ளித் தலைமையாசிரியர். 1914இல் மனா பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஃபிஜியில் மருந்து வேலைசெய்தால் அது மனா. சொன்னது பலித்தால் மனா. சடங்கின் முடிவில், பலிக்கட்டும், மெய்யாகட்டும் என்ற பொருளில் இந்தச் சொல்லைச் சேர்த்துச் சொல்கிறார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ள மின்சாரம் வேண்டியதில்லை. 'பலித்தது' என்ற சொல் போதும். கைராசிக்கார வைத்தியர் என்கிறோம். கையைப் பிளந்து ராசியைத் தேடுவதில்லை.

அடுத்தவர் ரேமண்ட் ஃபெர்த். 1928-29இல் டிகோபியா என்ற சிறு தீவில், ஏறத்தாழ 1,300 பேர் வாழ்ந்த இடத்தில், அவர்களுடைய மொழியைப் பேசிக்கொண்டு ஓராண்டு இருந்தார். அங்கே சொல்லின் வடிவம் 'மனு'. மனு என்றால் என்ன என்று ஃபெர்த் திரும்பத் திரும்பக் கேட்டார். பதில்கள் எல்லாம் மீனும் பலாக்காயும் மழையுமாக வந்தன. தலைவன் வேண்டினான், ஈரப்பலா காய்த்தது, அதுதான் மனு. வேண்டினான், மழை வந்தது, அதுதான். நோயாளியைத் தடவினான், எழுந்து உட்கார்ந்தான், அதுதான். சரி, அந்த மழைக்கும் மீனுக்கும் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டபோது அவர்கள் மறுபடியும் மழையையும் மீனையும் காட்டினார்கள். அதற்கு மேல் போனால் கொடுப்பவை தெய்வங்கள் என்றார்கள். தெய்வத்துக்கும் மீனுக்கும் நடுவில், இரண்டுமல்லாத ஒரு பாயும் சக்தி அவர்கள் பேச்சில் இல்லை. 1940இல் ஃபெர்த் இதை வெளியிட்டார். பக்கம் பக்கமாக உரையாடல்களைக் கொடுத்து, சூத்திரம் எதையும் நிறுவ அவசரப்படாமல் எழுதிய கட்டுரை அது. விமர்சகர்கள் படிக்கவேண்டியது.

1950இல் லெவி-ஸ்ட்ராஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். மோஸின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் மனா ஒரு மிதக்கும் குறிப்பான் என்றார். தனக்கென அர்த்தம் இல்லாததாலேயே எந்த அர்த்தத்தையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் சொல். பெயர் தெரியாத பொருளை நாம் 'அது, இது, சமாச்சாரம்' என்று சொல்லிச் சமாளிப்பதுபோல. அமைப்பியல் பேசும் நண்பர்கள் இதை நிறைய மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் அவர் சொன்ன, அதைவிடக் கூர்மையான ஒன்றை யாரும் காட்டுவதில்லை. ரகசியமான, மர்மமான சக்தியாக மனா உண்மையிலேயே செயல்படும் இடம் ஒன்று உண்டு, அது துர்க்கைம், மோஸ் ஆகியோரின் சித்தாந்தம் என்கிறார். அவர்களுக்கு விளக்க முடியாமற்போன இடங்களிலெல்லாம் அது வந்து நின்று விளக்கியது. மந்திரக் கல்லைத் தோட்டத்தில் புதைத்தவர்கள் அவர்கள்தான்.

1984இல் ரோஜர் கீசிங் ஓஷியானிய மொழிகளை வரிசையாக வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். பெரும்பாலான மொழிகளில் மனா நிலையைச் சுட்டும் வினை. பலிதமாக இரு, கைகூடு என்ற பொருள். பெயராக வரும்போதும் பலிதம், பேறு என்ற பண்புப்பெயரே, கையால் அள்ளக்கூடிய வஸ்து அல்ல. அரசரும் பூசாரிகளும் தனி வர்க்கமாக எழுந்த சில பாலினேசியச் சமூகங்களில் மட்டும் அது ஓரளவு தத்துவமாக்கப்பட்டது. மற்றதெல்லாம் மானிடவியலாளர்கள் கட்டிய வீடு. இதுவும் கடைசி வார்த்தை அல்ல. 2007இல் ப்ளஸ்ட் என்ற மொழியியலாளர் இன்னும் பின்னே போய், ஆதி ஓஷியானிய மொழியில் இச்சொல் இடி, புயற்காற்று போன்ற இயற்கையின் ஆற்றல்களைக் குறித்திருக்கவேண்டும் என்றார். ஆகவே வினை நல்லது, பெயர் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. இடி ஒரு பெயர்தான். ஆனால் அது கேட்கிறது.

இதுவரை சொன்னது சொல் மிகைப்பட்ட கதை. விடுபட்ட கதைக்கு நியூஸிலாந்து போகவேண்டும்.

1835 அக்டோபர் 28ஆம் தேதி வட பகுதித் தலைவர்கள் 34 பேர் வைட்டாங்கியில் கூடி ஒரு சுதந்திரச் சாசனத்தில் ஒப்பமிட்டார்கள். நாட்டின் மீதான முழு அதிகாரமும் தங்களுடையதே என்பது அதன் சாரம். ஆங்கில வாசகத்தில் இறையாண்மை அதிகாரம் என்று வரும் இடத்தில் மாவோரி வாசகத்தில் நிலத்தின் மீதான மனா என்று இருக்கிறது. பிரிட்டிஷ் பிரதிநிதி பஸ்பி தயாரித்த அந்தச் சாசனத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரி.

நாலே கால் ஆண்டு கழித்து, 1840 பிப்ரவரி 4ஆம் தேதி மாலை, அதே வில்லியம்ஸிடம் இன்னொரு ஆங்கில வாசகம் கொடுக்கப்பட்டது. மறுநாள் காலைக்குள் மாவோரியில் வேண்டும். வில்லியம்ஸும் அவர் மகன் எட்வர்டும் ஒரே இரவில் முடித்தார்கள். அதுதான் வைட்டாங்கி ஒப்பந்தம். ஆங்கிலத்தில் முதல் ஷரத்து, தலைவர்கள் தங்கள் இறையாண்மையை இங்கிலாந்து ராணிக்கு முற்றாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்கிறது. மாவோரியில் அந்த இடத்தில் மனா இல்லை. 'காவனதங்கா' என்ற சொல் இருக்கிறது. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லின் மாவோரி உச்சரிப்பான காவனாவோடு ஒரு விகுதி சேர்த்து மிஷனரி வழக்கில் செய்துகொண்ட சொல். ஆளுநர் வேலை என்று தமிழில் சொல்லலாம். இரண்டாம் ஷரத்திலோ தலைவர்களுடைய முழுத் தலைமை அவர்களுக்கே உறுதிசெய்யப்படுகிறது. அதாவது ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டதை மாவோரியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வில்லியம்ஸுக்கு மனா என்ற சொல் தெரியாது என்று சொல்ல முடியாது. 1835இன் சாசனத்தில் அது இருக்கிறது. 1972இல் ரூத் ராஸ் என்ற வரலாற்றாசிரியை இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்துப் பரிசீலித்து எழுதிய பிறகு இந்தக் கேள்வி மூடமுடியாததாகிவிட்டது. உங்கள் மனாவைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தால் எந்தத் தலைவன் கையெழுத்திட்டிருப்பான்? ஒருவனுக்கு முன்னோர்வழி வந்து, அவன் காரியங்களால் கூடிக் குறைந்து, நிலத்தோடும் குலத்தோடும் பின்னிக் கிடக்கும் ஒன்றைக் காகிதத்தில் கொடுக்க முடியுமா என்பதே அவனுக்குப் புரிந்திருக்காது. மொழிபெயர்ப்பாளரின் மனதில் என்ன இருந்தது என்பது வேறு விவாதம். சொல் இல்லை என்பது கண்ணால் பார்க்கக்கூடியது.

அப்போதே ஒருவர் கேட்டார். வில்லியம் கொலென்ஸோ, மிஷனின் அச்சுக்காரர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டவர். பிப்ரவரி 6ஆம் தேதி கையெழுத்துக்காக ஹோனே ஹெக்கே முதலில் அழைக்கப்பட்டபோது கொலென்ஸோ குறுக்கிட்டு, இவர்களுக்கு இதன் ஷரத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று ஹாப்ஸனைக் கேட்டார். புரியாவிட்டால் அது தன் தவறல்ல, தன்னால் ஆனதைச் செய்தாகிவிட்டது என்ற பொருளில் பதில் வந்தது. கையெழுத்துகள் தொடர்ந்தன. சில நாட்களில் மாவோரி வாசகத்தை அச்சடித்துக் கொடுத்தவரும் அதே கொலென்ஸோதான். கேள்வி கேட்டதையும் பதிலையும் அவர் எழுதிவைத்து, 1890இல், ஐம்பது வருஷம் கழித்து, வெளியிட்டார். ஏப்ரலில் வடக்கே கைட்டாயாவில் நோபெரா பானகரேயாவோ என்ற தலைவர், நிலத்தின் நிழல் ராணிக்குப் போகிறது, நிலம் நம்மிடம் இருக்கிறது என்று ஒப்பந்தத்தைத் தம் மக்களுக்கு விளக்கினார். ஓராண்டுக்குள் அதைத் தலைகீழாக மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. நிலம் போய்விட்டது, நிழல்தான் நம்முடையது.

பிறகு நடந்தவை தெரிந்தவை. 1860களின் போர்கள். 1863இன் சட்டத்தின்கீழ் பறிமுதல் செய்யப்பட்ட நிலம் முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல். 1877இல் வீ பராட்டா என்ற தலைவர் வெலிங்டன் பிஷப்பின்மேல் வழக்குத் தொடுத்தார். பள்ளிக்கூடம் கட்டுவதாகச் சொல்லி வாங்கிய குலத்து நிலத்தில் பள்ளி எழவில்லை. தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், இந்த விஷயத்தில் வைட்டாங்கி ஒப்பந்தம் வெறும் செல்லாக் காகிதம் என்று தீர்ப்பளித்தார். 1877. காட்ரிங்டன் மாக்ஸ் முல்லருக்குக் கடிதம் எழுதிய அதே வருஷம். ஒரு பக்கம் ஓர் ஆங்கிலிகன் பாதிரியார் மனா என்றால் என்ன என்று விளக்குகிறார், கேட்டு ஐரோப்பா வியக்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆங்கிலிகன் பிஷப்பிடம் நிலத்தைத் திருப்பிக் கேட்ட மனிதனுக்கு உன் சாசனம் செல்லாது என்று சொல்லப்படுகிறது. இரண்டு பாதிரியாரும் ஒருவரை ஒருவர் நினைத்திருக்கமாட்டார்கள். இதில் சதி ஒன்றும் இல்லை. சதி இல்லாததுதான் கவலைக்குரியது. மனா எங்கும் பரவிய சூக்குமமான பேராற்றலாக உயர்ந்துகொண்டிருந்த வருஷங்களிலேயே, மனா என்ற சொல்லால் தன் ஆற்றையும் கரையையும் சுட்டியவன் இரண்டையும் இழந்துகொண்டிருந்தான். சூக்குமமானதற்கு ஏக்கர் கணக்கு கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

சொல் திரும்பி வரவும் செய்தது. 1975இல் வைட்டாங்கி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது, 1985இல் 1840 வரை பின்னோக்கிப் புகார்களை விசாரிக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. 1991இல் இயற்றப்பட்ட இயற்கைவள மேலாண்மைச் சட்டத்தில் 'மனா வெனுவா', நிலத்தின் மீதான மரபுவழி அதிகாரம், மாவோரிச் சொல்லாகவே இடம்பெற்றது. 2014 நவம்பரில் அந்த நடுவர் மன்றம், 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற முடிவை வெளியிட்டது. நூற்று எழுபத்து நான்கு வருஷம். இங்கே மனா பெயர்ச்சொல்தான். ஆனால் யாருடையது, எந்த நிலத்தின்மேல், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பெயர்ச்சொல். மிதப்பது அல்ல, நங்கூரம் போட்டது.

ஹவாயிலும் ஒன்று நடந்தது. தலைவர்களின் மனாவைக் காக்கும் விலக்குகள் அங்கே 'கபு'. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது, பன்றி இறைச்சியும் வாழைப்பழமும் தேங்காயும் பெண்களுக்கு ஆகாது. மீறினால் மரணம்வரை போகும். 1819இல் முதலாம் கமேஹமேஹா இறந்தபின் அவருடைய மகன் லிஹோலிஹோ, அரசியர் கஅஹுமனு, கேயோபுவோலனி ஆகியோரின் தூண்டுதலில், பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் இடியவில்லை. மிஷனரிகள் வந்தது அடுத்த வருஷம்தான். விலக்குகளைக் காக்க எழுந்த கேகுவாவோகலனி டிசம்பரில் போரில் மாண்டார். மின்சாரம் என்று வைத்துக்கொண்டால் இது புரியாது. கம்பியைத் தொட்டுவிட்டு, இனி அடிக்காது என்று யாரும் ஆணையிட முடியாது. பலிதம் என்று வைத்துக்கொண்டால் புரியும். எது பலிக்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள், விவாதித்தார்கள், சண்டையிட்டார்கள். அவர்களுக்கும் வரலாறு இருந்தது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1975இல் ஜார்ஜ் ஹார்ட் சங்கக் கவிதை பற்றிய தம் நூலில் 'அணங்கு' என்பதை ஆபத்தான புனித ஆற்றலாகக் கண்டார். பெண்ணிடத்தும் அரசனிடத்தும் தாழ்த்தப்பட்டோர் செய்யும் சடங்குகளிலும் உறைந்திருந்து, கட்டுப்படுத்தப்படவேண்டியதாக நிற்கும் ஆற்றல். பொற்காலப் பெருமிதத்திலிருந்து அக்கவிதைகளைப் பிடுங்கி ஓர் அச்சமுள்ள உலகத்தில் நட்டார் என்பதற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டவன். ஆனால் 1986இல் வி. எஸ். ராஜம் அணங்கு வரும் இடங்களைத் தொகுத்துப் பார்த்து, அதைப் பெண்ணின் புனித சக்தியாகச் சுருக்கியது சரியல்ல என்று காட்டினார். அந்தச் சொல் மலையையும் சுனையையும் தெய்வத்தையும் இன்னும் பலவற்றையும் சார்ந்து பல பொருளில் வருகிறது. நான் சேர்க்க விரும்புவது ஒன்று. அணங்கு வினையாகவும் வரும். அணங்குதல், வருத்துதல். வருத்தியது என்று முதலில் ஒருவன் சொல்கிறான். எது, யாரை, எந்த மலையடியில் என்று கவிதை சொல்கிறது. பிறகு நாம் வந்து வருத்தத்தை உருவி எடுத்துச் சக்தி என்று பெயரிட்டு, அது எங்கெங்கே தேங்கியிருக்கிறது என்று வரைபடம் போடுகிறோம். மனாவுக்கு நேர்ந்தது நம் வீட்டுக்குள்ளும் நேர்ந்திருக்கிறது. நம்மில் பலர் மகிழ்ச்சியோடு தலையசைத்தோம், புனித சக்தி நம்மிடமும் இருந்தது என்பதில் ஒரு பெருமை.

கொலென்ஸோவைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. 1836 வாக்கில் அவர் வங்கரை அருகே ஒரு மாவோரிக் குடியிருப்புக்குப் போனபோது, பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரமல்ல, உடைந்த மணியின் மேற்பகுதி. புயலில் வேரோடு சாய்ந்த ஒரு மரத்தடியில் கிடைத்தது என்றார்கள். விளிம்பில் எழுத்துகள் இருந்தன. அவருக்குத் தெரியாத எழுத்துகள். தமிழ். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. இன்று வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் புரிந்ததா என்று கேட்ட மனிதரின் கையில் அதற்கு முன்பே தமிழ் எழுத்து வந்து சேர்ந்திருந்தது.

இந்த மணியை வைத்துக்கொண்டு தமிழன் நியூஸிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மணி அப்படிச் சொல்லவில்லை. தான் யாருடைய கப்பலின் மணி என்று மட்டும் சொல்கிறது. அதற்குமேல் அதில் ஏற்றப்படுவதெல்லாம் நாம் புதைத்த கல். அந்தப் பெண்களுக்கு எழுத்து தெரியாது, கப்பல் தெரியாது. கிழங்கு வெந்ததா என்று பார்த்தார்கள்.

அடுத்த முறை அந்த அறையில் கவிதை வாசிக்கப்படும்போது சக்தி என்ற சொல்லை நான் எடுக்கப்போவதில்லை. என்னை என்ன செய்தது, எந்த வரியில், ஏன் மற்றவரைச் செய்யவில்லை என்று சொல்லப் பார்க்கவேண்டும். சொல்ல முடியாவிட்டால் சும்மா இருக்கலாம். நண்பரிடம் இதைச் சொன்னேன். 'அப்படியானால் பாதி விமர்சனம் காணாமல் போய்விடுமே' என்றார். போகட்டும்.